கோப்பைக் கணக்கில் வராத பாப்போவிச்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கக் கூடைப்பந்து அணியான சான் அன்டோனியோ ஸ்பர்ஸின் பயிற்சியாளர் கிரெக் பாப்போவிச்சின் ஓய்வு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 29 சீசன், 1,422 வெற்றி, ஐந்து என்.பி.ஏ. (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) கோப்பை என்று எண்களெல்லாம் சரியாகவே இருந்தன. துணைப் பயிற்சியாளர்களை மட்டும் 'பலரை உருவாக்கினார்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பள்ளியில் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கும் எனக்கு அந்த ஒரு வரிதான் விஷயமே என்று படுகிறது.

2015 முதல் 2022 வரையிலான எட்டு கோப்பைகளை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு, கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸின் பயிற்சியாளர் ஸ்டீவ் கெர் வாங்கியவை. 2021இல் மில்வாக்கிக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தவர் மைக் பூடன்ஹோல்சர். கெர், பாப்போவிச்சின் கீழ் ஆடி 1999, 2003 கோப்பைகளில் பங்கு பெற்றவர். பூடன்ஹோல்சர் ஸ்பர்ஸில் ஆட்ட வீடியோக்களைத் தொகுக்கும் வேலையில் தொடங்கி, பல வருடம் துணைப் பயிற்சியாளராக இருந்துவிட்டு 2013இல்தான் வெளியே போனார். 2022 இறுதிச் சுற்றில் கெருக்கு எதிரணியான பாஸ்டனின் பயிற்சியாளர் இமே உடோகாவும் ஸ்பர்ஸில் ஆடி, அங்கேயே துணைப் பயிற்சியாளராக இருந்தவர்தான். அந்த வருடம் யார் ஜெயித்திருந்தாலும் கோப்பை பாப்போவிச் வீட்டுப் பிள்ளைக்கே போயிருக்கும்.

இதில் கொஞ்சம் மிகைப்படுத்தலும் உண்டு. ஸ்பர்ஸ் வாசலை ஒருமுறை மிதித்தவரைக்கூடச் சீடர் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். சிகாகோவில் ஃபில் ஜாக்சன் என்ற இன்னொரு பெரிய பயிற்சியாளரிடமும் ஆடிய கெரின் பெருமை முழுவதும் ஒருவருக்கே போய்ச் சேராது. பாப்போவிச்சுக்கும் அதிர்ஷ்டம் இருந்தது. 1996 டிசம்பரில், பொது மேலாளராக இருந்த அவர் பயிற்சியாளர் பாப் ஹில்லை நீக்கிவிட்டுத் தானே அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த சீசனில் அவர் கையில் 17 வெற்றி, 47 தோல்வி. தோற்றதற்குக் கூலியாக 1997 டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுக்கும் தேர்வில், முதல் வாய்ப்பு கிடைத்தது, பின்னாளில் அணியின் நட்சத்திரமான டிம் டங்கன் வந்து சேர்ந்தார். அதற்கப்புறம் நடந்ததுதான் ஊருக்கே தெரியுமே. கடைசி ஆறு சீசனில் அணி பிளே ஆஃப் (கோப்பைக்கான கடைசிக் கட்டச் சுற்றுகள்) பக்கமே போகவில்லை என்பதையும் உங்கள் கட்டுரை நாசூக்காகத் தாண்டிப் போனது.

ஆனாலும் அவரிடம் இருந்தவர்கள் இத்தனை பேர் தலைமைப் பயிற்சியாளர் ஆனது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. பக்கத்தில் ஆமாம் சாமிகளை வைத்துக்கொள்வது அவருக்குப் பிடிக்காது. எதிர்த்துப் பேசுகிறவர்களையே தேடினார். டைம் அவுட்டில் சில நேரம் வீரர்களிடம் 'நீங்களே பேசி முடிவு பண்ணுங்கள்' என்கிற தோரணையில் விட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். இதைச் செய்ய எவ்வளவு மனத்துணிவு வேண்டும் என்பது கோச் வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். எங்களில் பலருக்கு விசில் கையை விட்டுப் போனாலே பதறிப்போகும். துணைப் பயிற்சியாளர் என்றால் பந்து எடுத்துப் போடவும் ஸ்கோர் ஷீட் எழுதவும் ஒரு ஆள் என்ற நினைப்பு நம் மைதானங்களில் இன்னும் போகவில்லை.

பெக்கி ஹேமனைப் பாருங்கள். சான் அன்டோனியோவின் மகளிர் அணியில் ஆடிக்கொண்டிருந்தபோது 2013இல் முழங்காலில் அடிபட்டது. ஆட முடியாத அந்தக் காலத்தில் ஸ்பர்ஸின் பயிற்சிகளிலும் கூட்டங்களிலும் வந்து உட்கார அனுமதி கிடைத்தது. அங்கே அவர் பேசியதைக் கேட்டுத்தான் 2014இல் பாப்போவிச் அவரைத் துணைப் பயிற்சியாளராக எடுத்துக்கொண்டார். 2020 டிசம்பர் 30 அன்று லேக்கர்ஸுடன் ஆட்டம். நடுவர்கள் பாப்போவிச்சை வெளியேற்றினார்கள். போகும்போது ஹேமனைக் கை காட்டிவிட்டுப் போனார். என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில் தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பில் நின்ற முதல் பெண் அவர். பிறகு லாஸ் வேகாஸ் ஏசஸை 2022, 2023 என்று அடுத்தடுத்து மகளிர் லீக் சாம்பியனாக்கினார். கட்டுரையில் ஹேமனின் பெயரே இல்லாதது பெரிய குறை.

போனவர்கள் திரும்பி வரவும் அந்தக் கதவு திறந்திருந்தது. 2016இல் ஸ்பர்ஸின் பழைய வீரர் மாண்டி வில்லியம்ஸ் மனைவியை விபத்தில் இழந்து நின்றபோது ஸ்பர்ஸ் நிர்வாகத்தில் அவருக்கு இடம் கொடுத்தார்கள். பிலடெல்பியா அணியைத் தலைமைப் பயிற்சியாளராக ஏழு சீசன் நடத்திவிட்டு வேலையிழந்த பழைய துணைப் பயிற்சியாளர் பிரெட் பிரவுன் 2022இல் மறுபடி ஸ்பர்ஸ் பெஞ்சுக்கே வந்தார். பெரிய பதவியைப் பார்த்தவர் பழைய இடத்துக்குக் கூச்சமில்லாமல் திரும்ப முடிகிறதென்றால், அங்கே அவரை எப்படி நடத்தியிருப்பார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதியிருக்கலாம். பொமோனா-பிட்சர் என்ற சின்னக் கல்லூரி அணியில் அவருடைய முதல் சீசன் 2 வெற்றி, 22 தோல்வி. பல வருடம் அங்கே தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர், 1986-87இல் விடுப்பு எடுத்துக்கொண்டு கேன்சஸ் பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளர் லாரி பிரவுன் பக்கத்தில் போய் உட்கார்ந்து வேலை கற்றார். இன்னொருவருக்குத் துணையாக இருப்பதில் அவருக்கு வெட்கமில்லை. அதனால்தான் தன் துணைவர்களை அவர் மட்டமாக நினைக்கவில்லை என்பது என் எண்ணம்.

கடைசியாக ஒரு திருத்தம். அவருக்கு அடுத்து வந்த மிட்ச் ஜான்சனை 'அனுபவமில்லாத புதியவர்' என்று எழுதியிருந்தீர்கள். 2016இல் ஆஸ்டினில் உள்ள துணை அணியில் சேர்ந்து, 2019 முதல் ஸ்பர்ஸ் பெஞ்சில் இருப்பவர் அவர். 2024 நவம்பரில் பாப்போவிச்சுக்குப் பக்கவாதம் வந்த பிறகு அந்த சீசனின் மீதி ஆட்டங்களை எல்லாம் நடத்தியவரும் அவரே.

ஹேமனைப் பற்றியாவது தனியாக ஒரு கட்டுரை போடுங்கள். பக்கம் போதாதென்றால், 1,422 என்று கொட்டை எழுத்தில் அரைப் பக்கத்துக்குப் போட்ட அந்தப் பெட்டி இனி வேண்டாம்.

இப்படிக்கு,
ஓர் உடற்கல்வி ஆசிரியர்,
கோவை மாவட்டம்.