ட்ரிக்கர் திரும்பலைன்னா உடனே ஸ்பிரிங்க மாத்தாதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பர்ல ஏர் ரைபிள் பராமரிப்பு பத்தி ஒரு துணுக்கு வந்துச்சே, சுட்ட பிறகு ட்ரிக்கர் முன்னாடி வரலைன்னா ஸ்பிரிங்க மாத்திடுங்கன்னு, அது மதுரைக்காரங்களுக்கு வேணா சரியா இருக்கும், எங்க மண்டபம் தங்கச்சிமடம் பக்கம் அதைப் படிச்சிட்டு பசங்க நல்லா இருக்குற ஸ்பிரிங்க கழட்டி எறிஞ்சிட்டு புதுசுக்கு அலையுறாங்க.

இங்க உப்புக்காத்துங்க. 1914-ல திறந்த பழைய பாம்பன் ரயில் பாலமே காலம் பூரா துருவோட மல்லுக்கட்டிச்சு, ட்ரிக்கருக்குள்ள இருக்குற பொடி ஸ்பிரிங் எம்மாத்திரம். ஆனா நான் பாத்த வரைக்கும் ஸ்பிரிங்க விட ஸ்டாக்தான், அதாவது ரைபிள தாங்குற மரக்கட்டைதான், பெரிய வில்லன். பசங்க கம்பெனி ஸ்டாக்க கழட்டிட்டு ஆசாரிக்கிட்ட சொல்லி பூவரசுல புதுசா செஞ்சு வீட்லயே மாட்டிக்கிறாங்க, வெளிய வார்னிஷ் பளபளன்னு இருக்கும், ட்ரிக்கர் போயி வர்ற பள்ளத்துக்குள்ள ஒரு சொட்டு கூட பட்டிருக்காது. ஐப்பசி கார்த்திகைல மழையும் வாடையும் சேந்து அடிக்கிறப்ப அந்த வெத்து மரம் ஈரத்த குடிச்சு ஊதி ட்ரிக்கர ரெண்டு பக்கமும் கவ்விக்கும், அப்புறம் எங்குட்டு திரும்பும்? அதே ரைபிள் சித்திரை வெயில்ல ஒழுங்கா வேலை செஞ்சா சந்தேகமே வேணாம், மரம்தான்.

பாக்குறது சுலபம். உள்ள பெல்லட் (குண்டு) இல்ல, காத்த அமுக்கி சுட வைக்கிற மெயின் ஸ்பிரிங் ஏத்தலைன்னு உறுதி பண்ணிட்டு ஸ்டாக்க தனியா கழட்டுங்க, ட்ரிக்கர விரலால லேசா தள்ளி விடுங்க, தானா முன்னாடி வந்துடுச்சுன்னா ஸ்பிரிங் மேல தப்பே இல்ல. ட்ரிக்கர் பக்கவாட்டுல பென்சில் கரிய தேச்சு திருப்பி மாட்டி ஆட்டிப் பாத்தா மரத்துல எங்க உரசுதுன்னு கருப்பா தெரியும், அந்த எடத்த மட்டும் உப்புத்தாள் போட்டு தேச்சிட்டு உள்பக்கமும் வார்னிஷ் அடிங்க. வள்ளத்துக்கு உள்ளயும் வெளியயும் எண்ணெய் பூசுற ஊர்ல இதெல்லாம் சொல்லித் தரணுமா! ட்ரிக்கர சுத்தி இருக்குற வளையத்தோட (ட்ரிக்கர் கார்டு) ஸ்க்ரூவையும் பாருங்க, மாத்துன ஸ்க்ரூ நீளமா இருந்தா உள்ள போயி முட்டும்.

தனியா கழட்டியும் மந்தமா வருதுன்னா பழைய கிரீஸ் உப்பும் தூசியும் சேந்து பிசினாட்டம் ஆகியிருக்கும், தொடச்சிட்டு துளியூண்டு மாலி கிரீஸ் (மாலிப்டினம் கலந்த கிரீஸ்) போதும். தயவு செஞ்சு தேங்காண்ணெய ஊத்தாதீங்க, அது சிலிண்டருக்குள்ள எறங்கிச்சுன்னா அமுக்குற காத்தோட சூட்டுல பத்தி டமார்னு வெடிச்சு சீல், ஸ்பிரிங் எல்லாத்தையும் காலி பண்ணிடும்.

ட்ரிக்கர் நல்லா திரும்புது ஆனா பேரல மடக்குறப்ப கிளிக் விழலைன்னா அது வேற கதை, சியர் பிடிக்கல, அதாவது ஏத்துன மெயின் ஸ்பிரிங்க ட்ரிக்கர் அமுக்குற வரைக்கும் புடிச்சு வைக்கிற கொக்கி மாட்டல. ட்ரிக்கர் லேசா இருக்கணும்னு ஸ்க்ரூவ திருகித் திருகி சியர் நுனில ஒட்டிக்கிட்டு நிக்கும், இல்லைன்னா முனை தேஞ்சிருக்கும். தேஞ்ச முனைய வீட்ல அரம் போட்டு ராவாம தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட குடுத்துடுங்க. சில பேரு இதோட சேத்து பெரிய மெயின் ஸ்பிரிங்கும் போட்டுக்கிறாங்க, அதுல சியர் மேல இன்னும் பாரம் ஏறும், சக்தி 20 ஜூல தாண்டிச்சுன்னா லைசென்ஸ் வேற வேணும், அப்புறம் ஸ்டேஷன்ல உக்காந்து ஸ்பிரிங் வெளக்கம் சொல்லிட்டு இருக்க வேண்டியதுதான்.

ரைபிள ஸ்பாஞ்சு வச்ச பேக்ல மாசக்கணக்கா மூடி வைக்கிறதும் இங்க ஆகாது, ஸ்பாஞ்சு ஈரத்த விடாது.

அடுத்த தடவை துணுக்கு போடுறப்ப, பேரல மடக்கி பெல்லட் வைக்கிறப்ப இன்னொரு கை பேரல விடவே கூடாதுங்கிற ஒரு வரியையும் சேத்துப் போடுங்க ஐயா, சியர் நழுவுனா பேரல் படக்குன்னு மூடி விரல எடுத்துடும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்