352 வந்தால் அடித்துத் திருத்த வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிளஸ் 1 இயற்பியல் செய்முறையில், காற்றுத் தம்பத்தை (குழாய்க்குள் நிற்கும் காற்றை) கொண்டு ஒலியின் வேகம் காண்கிறார்கள் மாணவர்கள். திருநெல்வேலி வெயிலில் சரியாகச் செய்தவனுக்கு நொடிக்கு 352 மீட்டர் வருகிறது. புத்தகத்தில் இருப்பது 331. உடனே ரப்பர் எடுத்து அழித்து, ரீடிங்கைப் 'பொருத்தி' எழுதிவிடுகிறான். 331 என்பது 0 டிகிரி செல்சியஸில் உள்ள வேகம். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.6 மீட்டர் கூடும். ஆய்வகத்தில் 35 டிகிரி என்றால் 21 மீட்டர் கூடத்தானே செய்யும்?

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. நொடிக்கு 512 முறை அதிரும் (512 ஹெர்ட்ஸ்) இசைக்கவை, உள்விட்டம் 2.5 செ.மீ. குழாய் என்று வைத்துக்கொள்வோம். அதிரும் இசைக்கவையை வாயருகே பிடித்துக் குழாயை நீரிலிருந்து மெல்ல உயர்த்தினால், நீருக்கு மேலே 16.4 செ.மீ. இருக்கும்போது ஒலி திடீரென்று ஓங்கும்; அதுதான் முதல் முழக்கம். அதை மட்டும் நான்கால் பெருக்கி அலைநீளம் என்று கொண்டு, 512 ஆல் பெருக்கினால் வேகம் 336 தான் வரும். புத்தகத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டதே என்று முழு மதிப்பெண்ணும் கிடைத்துவிடும்! ஆனால் அது தப்பு. அதிரும் காற்று குழாயின் வாயோடு நிற்பதில்லை, விட்டத்தில் 0.3 பங்கு வெளியேயும் நீளும். 50.8 செ.மீ. அளவில் இரண்டாம் முழக்கத்தையும் பிடித்து, இரண்டின் வித்தியாசமான 34.4 செ.மீ.யை (அது அரை அலைநீளம்) இரட்டித்துக் கணக்கிட்டால் அந்தப் பிழை தானே கழிந்து 352 கிடைக்கும். இதற்கு 60 செ.மீ. பி.வி.சி. குழாயும் ஆழமான தண்ணீர் டிரம்மும் போதும். இசைக்கவையை மேசை விளிம்பில் தட்டக் கூடாது, ரப்பர் கட்டையில்தான் தட்ட வேண்டும். முழங்கும் இடத்தைக் கேட்டுப் பிடிக்க வேண்டியிருப்பதால் மின்விசிறியை நிறுத்திவிடுவது நல்லது.

நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களைப் பார்த்து வாய்பிளக்கிற பிள்ளைகள் நம் ஊர்ப் பிள்ளைகள். அங்கே அதிர்வது கல், இங்கே காற்று. வெறுங்குழாய் திடீரென்று முழங்கும்போதும் அதே வியப்புதான் வர வேண்டும். ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுகிறவனுக்கு அது எங்கே வரும்?

நூலில் குண்டைத் தொங்கவிட்டு ஆட்டும் தனி ஊசலிலும் இதே கதை. குண்டை விடும்போதே 'ஒன்று' என்று எண்ணத் தொடங்கினால் 19 அலைவு 20 ஆகிவிடும், g (புவியீர்ப்பு முடுக்கம்) மதிப்பு 10.8 வரும். 'சுழியம்' என்றல்லவா தொடங்க வேண்டும்? அதையும் 9.8 ஆக்கி எழுதிவிட்டால் பிழை எங்கே என்று யாரும் தேடப்போவதில்லை.

ரெக்கார்டில் அறை வெப்பநிலைக்கு ஒரு கட்டம் போடச் சொல்லலாம். அதை நிரப்பாத ரீடிங்குக்கு, 331 என்றே இருந்தாலும், ஆசிரியர்கள் கையெழுத்திடாமல் இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பாளையங்கோட்டை