ட்ரெய்லருக்குப் போட்டுக் கொடுத்த வழியும் முன்பணத்தில் பிடித்த 8,000 ரூபாயும்: ஒரு புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
சத்துவாச்சாரி, வேலூர்.

பெறுநர்:
மேலாளர், குறைதீர்ப்புப் பிரிவு,
கேரவன் ட்ரெய்லர் வாடகை நிறுவனம், சென்னை.

பொருள்: வேலூரிலிருந்து மாமல்லபுரம் செல்லத் தவறான வழித்திட்டம் கொடுத்ததும், அந்த வழியை விட்டு விலகியதாக முன்பணத்தில் ரூ.8,000 பிடித்ததும் – பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மா,

வணக்கம். தை மாதம் உங்களிடம் நான்கு நாள் வாடகைக்கு ஒரு கேரவன் ட்ரெய்லர் எடுத்தேன். படுக்கை, சின்ன அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள வெள்ளைப் பெட்டி. அம்மாவுக்கு 76 வயது. முழங்கால் தேய்மானத்தால் விடுதிப் படிகளில் ஏற முடியாது, போகிற வழியில் உள்ள கழிப்பறைகளையும் நம்ப முடியாது. கடலைப் பார்த்துப் பல வருடம் ஆகிவிட்டது என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்ததால்தான் இந்த ஏற்பாடு. இழுப்பதற்கு என் பொலேரோ இருந்தது. கொக்கியையும் பின்விளக்கு இணைப்பையும் உங்கள் ஆட்களே வீட்டுக்கு வந்து பொருத்தினார்கள். அதை ஒழுங்காகச் செய்தார்கள், குறை சொல்ல மாட்டேன்.

என் குறை வழித்திட்டத்தைப் பற்றியது. வாடகை போக, "உங்களுக்காகவே தயாரிக்கப்பட்ட பாதை" என்று அதற்குத் தனியாக 1,500 ரூபாய் வாங்கினீர்கள். வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை. ட்ரெய்லரில் ஜி.பி.எஸ். இருக்கிறது, நீங்கள் கொடுத்த செயலி காட்டும் பாதையில்தான் போக வேண்டும், விலகினால் கிலோமீட்டருக்கு 100 ரூபாய் முன்பணத்தில் பிடிப்போம் என்று ஒப்பந்தத்தில் போட்டிருந்தீர்கள். கையெழுத்துப் போட்டேன். என் முட்டாள்தனம் அவ்வளவுதான், மீதியெல்லாம் உங்களுடையது.

திட்டம் இது: வேலூர், ஸ்ரீபெரும்புதூர், பூந்தமல்லி, போரூர், கத்திப்பாரா, திருவான்மியூர், அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம். படித்ததுமே என் மைத்துனர் சிரித்துவிட்டார். அவர் வாணியம்பாடிக்காரர், ஆம்பூர் பக்கத்துத் தோல் சரக்கைக் கன்டெய்னரில் சென்னைத் துறைமுகத்துக்கு ஓட்டிப் பழகியவர். "ஏன் மாமா, மகாபலிபுரம் போறதுக்கு எதுக்கு மெட்ராஸ் உள்ள பூந்து போறீங்க? ஸ்ரீபெரும்புதூர்ல ரைட்டு எடுத்தா ஒரகடம், சிங்கப்பெருமாள் கோயில், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம். அவ்ளோதான். கார் கம்பெனி டிரெய்லர் எல்லாம் போற ரோடு, உங்க பெட்டி எம்மாத்திரம்?" என்றார். அன்று மாலையே உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்து இந்த வழியைச் சொன்னேன். எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். "சிஸ்டத்துல லாக் ஆயிடுச்சு சார், மாத்த முடியாது" என்றார்.

ஏன் இப்படி ஒரு வழி என்பது பிறகு உங்கள் தாளின் இரண்டாம் பக்கத்தைப் பார்த்தபோது புரிந்தது. அதில் "புறப்படும் இடம்: சென்னையில் தாங்கள் தங்கியுள்ள விடுதி" என்று இருக்கிறது. நான் எந்த விடுதியில் தங்கினேன்? வேலூர்–சென்னை என்று ஒரு திட்டம், சென்னை–மாமல்லபுரம் என்று இன்னொரு திட்டம், இரண்டையும் ஒட்டவைத்து என் பெயரை மேலே போட்டிருக்கிறீர்கள். அந்த ஒட்டுவேலைக்குத்தான் 1,500 ரூபாய்.

நேரக் கணக்காவது சரியா என்றால் அதுவும் இல்லை. காலை 6 மணிக்கு வேலூரில் கிளம்பினால் 7.30க்குப் பூந்தமல்லி, அதாவது அலுவலக நெரிசலுக்கு முன்னால், என்று எழுதியிருந்தது. எங்கள் வீட்டிலிருந்து பூந்தமல்லி ஏறக்குறைய 115 கிலோமீட்டர். ஒப்பந்தத்தில் நீங்களே 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடாது என்கிறீர்கள். முதல் 25 கிலோமீட்டரில் ஒருமுறை, அப்புறம் மணிக்கு ஒருமுறை ஓரமாக நிறுத்திக் கொக்கியின் ஆணி, பாதுகாப்புச் சங்கிலி, டயர் காற்று எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்றும் சொல்கிறீர்கள். நல்ல நிபந்தனைகள்தான், நான் அப்படியே செய்தேன். நிற்காமல் 60இல் போனாலே இரண்டு மணி நேரம் ஆகும் தூரத்துக்கு ஒன்றரை மணி நேரம் போட்டவர், தன் நிறுவனத்தின் ஒப்பந்தத்தையே படிக்காதவர். வாலாஜாவில் ஒருமுறை, காஞ்சிபுரம் தாண்டி ஒருமுறை நிறுத்திவிட்டு, ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலைப் பேருந்துகளுக்கு நடுவே ஊர்ந்து பூந்தமல்லியை அடைந்தபோது மணி 8.50. சென்னைக்குள் நுழைய அதைவிட மோசமான நேரம் கிடையாது.

ட்ரெய்லர் இழுத்த அனுபவம் உங்கள் அலுவலகத்தில் வழி போடுகிறவருக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. இல்லை என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். என் வண்டி நான்கு மீட்டர். உங்கள் பெட்டி இழுவைக் கம்பியோடு ஐந்து மீட்டர். ஆக ஒன்பது மீட்டர். மாநகரப் பேருந்தைவிடக் கொஞ்சம்தான் குட்டை, ஆனால் பேருந்து நடுவில் மடங்காது. திரும்பும்போது பெட்டியின் சக்கரம் என் சக்கரம் போன தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அதனால் அகலமாக வட்டம் போட்டுத் திரும்ப வேண்டும். அகலமாக வட்டம் போட இடம் விட்டால் அந்த இடத்தில் ஒரு ஆட்டோ வந்து நிற்கும். லேன் மாற வேண்டுமென்றால் இரண்டு காருக்கான இடைவெளி வேண்டும், போரூரில் அரைக் காருக்கான இடைவெளிகூட யாரும் விடமாட்டார்கள். ரிவர்ஸ் வேறு தலைகீழ் சமாச்சாரம். ஸ்டியரிங்கை இடதுபக்கம் ஒடித்தால் பெட்டியின் பின்பக்கம் வலதுபக்கம் போகும். அதிலும் இந்த மாதிரிக் குட்டைப் பெட்டி சட்டென்று மடங்கி வண்டியின் மூலையில் இடிக்கப் பார்க்கும். பிரேக் பிடித்தால் பின்னாலிருந்து ஒரு டன் எடை தள்ளும்.

இதையெல்லாம்விட நான் நடுங்கியது ஒரு விஷயத்துக்கு. நின்று நின்று நகரும் நெரிசலில் என் வண்டிக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள இடைவெளியை வழி என்று நினைத்து ஒரு பையன் பைக்கைத் திருப்பிவிட்டான். அங்கே இரும்புக் கம்பியும் சங்கிலியும் இருப்பது அவனுக்குத் தெரியவில்லை. கண்ணாடியில் பார்த்துவிட்டதால் நான் நகரவில்லை. பார்க்காமல் இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், வேறு எங்கோ பதில் சொல்லிக்கொண்டிருப்பேன்.

பூந்தமல்லியிலிருந்து போரூர் வர ஐம்பது நிமிடம். அங்கிருந்து கத்திப்பாரா பக்கம் மெட்ரோ ரயில் வேலைக்காகச் சாலையின் பாதியைத் தடுப்பு வைத்து மறைத்திருக்கிறார்கள். இது ஒரே நாளில் முளைத்தது இல்லை, சென்னையில் அலுவலகம் வைத்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதும் இல்லை. அந்த நெரிசலைப் பார்த்து உங்கள் செயலி "4 நிமிடம் மிச்சம்" என்று ஒரு புது வழி காட்டியது. வளசரவாக்கம் பக்கம் ஆற்காடு சாலை. எங்கள் பக்கத்து ஊர்ப்பெயர் வைத்த சாலையில்தான் எங்கள் மானம் போக வேண்டும் என்று இருந்திருக்கிறது.

ஆற்காடு சாலையிலும் அதே மெட்ரோ வேலை, அதே தடுப்பு. கொஞ்ச தூரத்தில் செயலி "வலதுபக்கம் திரும்பவும்" என்றது. ராமாபுரம் பக்கம் போகும் குடியிருப்புத் தெரு. திரும்பினேன். இரண்டு ஓரமும் பைக்குகள், பின்னாலேயே ஒரு தண்ணீர் லாரி, தெரு முடிவில் இன்னொரு வலது திருப்பம். அந்தத் திருப்பத்தில் பொலேரோ தனியாகவே ஒருமுறை பின்வாங்கித்தான் திரும்பும். பெட்டியோடு நான் மூக்கை நுழைத்து மாட்டிக்கொண்டேன். முன்னால் போக முடியாது. பின்னால் போனால் பெட்டி மடங்குகிறது. பின்னால் வந்த தண்ணீர் லாரிக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

உங்கள் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். பதினோரு நிமிடம் பாட்டு கேட்டபின் வந்தவர் சொன்னது: "சார், ரூட்டை விட்டு மட்டும் வெளியே போயிடாதீங்க, அலர்ட் வந்துடும்."

கடைசியில் உதவியது அந்தத் தெருக்காரர்கள்தான். டீக்கடைக்காரர், இரண்டு ஆட்டோ ஓட்டுநர்கள், மாவு மில்லில் இருந்து ஒருவர், அந்தத் தண்ணீர் லாரிக்காரரும் (ஹாரனை விட்டுவிட்டு). "இன்னா சார், இந்தப் பொட்டிய இட்டுனு இந்தச் சந்துல வந்துட்டீங்க?" என்று கேட்டுக்கொண்டே கொக்கியைக் கழற்றி, முன் சின்னச் சக்கரத்தை இறக்கி, ஆறு பேராகப் பெட்டியைக் கையால் தள்ளித் திருப்பினோம். நடுவில் அம்மாவுக்கு அவசரம். பாதித் திரும்பிய நிலையில் பெட்டியைக் கல் வைத்து நிறுத்தி, அவரை உள்ளே அனுப்பிவிட்டு, எல்லாரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம். உங்கள் ஏற்பாட்டில் அன்று குறையில்லாமல் வேலை செய்தது அந்தக் கழிப்பறை ஒன்றுதான். மொத்தம் ஒன்றேகால் மணி நேரம். இடதுபக்க மட்கார்டில் விழுந்த கீறல் அப்போது விழுந்தது. அதற்கு 2,350 ரூபாய் பிடித்திருக்கிறீர்கள். அதை நான் மறுக்கவில்லை, பெட்டி என் கையில் இருந்தபோது விழுந்த கீறல்.

அதற்குமேல் உங்கள் செயலியை அணைத்துவிட்டேன். தெருவிலிருந்து இடதுபக்கம் எடுத்துப் போரூர் வந்து, பைபாஸில் ஏறிப் பெருங்களத்தூர், ஜி.எஸ்.டி. சாலை என்கிற திருச்சி நெடுஞ்சாலையில் செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சேர்ந்தபோது மணி 2.10. எட்டு மணி நேரம். இந்தப் பகுதியைத்தான் "பாதை விலகல் – 80 கிலோமீட்டர்" என்று குறித்து 8,000 ரூபாய் பிடித்திருக்கிறீர்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். திரும்பி வருவதற்கு முதல் நாள் இரவு, செங்கல்பட்டு–ஒரகடம்–ஸ்ரீபெரும்புதூர் வழியாக வர அனுமதி கேட்டு உங்கள் வாட்ஸ்ஆப் எண்ணுக்கு எழுதினேன். பத்தே நிமிடத்தில் "ஓகே சார், அப்ரூவ்ட்" என்று பதில் வந்தது. அந்த வழியில் இரண்டு நிறுத்தங்களோடு மூன்றரை மணி நேரத்தில் வேலூர் வந்து சேர்ந்தோம். போகும்போது "லாக்" ஆகியிருந்தது வரும்போது எப்படித் திறந்தது? திங்கட்கிழமைப் பயணத்துக்கு நீங்களே நல்ல வழி என்று ஒப்புக்கொண்ட செங்கல்பட்டு–திருக்கழுக்குன்றம் சாலை, வெள்ளிக்கிழமை மட்டும் எப்படி விலகல் ஆகும்?

இன்னொன்று. ஆற்காடு சாலைக்கும் அந்தத் தெருவுக்கும் என்னைத் திருப்பியது உங்கள் செயலி. அச்சடித்துக் கொடுத்த திட்டத்தில் அந்தச் சாலையே இல்லை. ஆகவே முதலில் விலகியது நான் இல்லை.

அடுத்து வருகிறவருக்காவது வழி போடும்போது சிலவற்றைப் பாருங்கள். தூரம் குறைவா என்று பார்க்க வேண்டாம், எத்தனை திருப்பம் என்று பாருங்கள். வலது திருப்பமும் யூ டர்னும் குறைவாக உள்ள வழி பத்து கிலோமீட்டர் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை. நகரத்துக்குள் போய்த்தான் ஆக வேண்டும் என்றால் விடியுமுன் அல்லது நடுப்பகலில் நுழைகிற மாதிரி கிளம்பும் நேரத்தை உங்கள் 60 கிலோமீட்டர் வேகத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் நேராக வெளியேறும்படியான பெட்ரோல் பங்க்குகளைக் குறித்துக் கொடுங்கள், ரிவர்ஸ் எடுக்காமல் நிறுத்த வேறு இடம் கிடைக்காது. நிமிடத்தை மிச்சம் பிடிக்கும் அந்தத் திடீர் வழிமாற்றத்தை ட்ரெய்லர் வண்டிகளுக்கு அணைத்துவையுங்கள். எங்கள் மைத்துனர் சொல்வது போல, பெட்டி இழுக்கிறவன் மேப்பைப் பார்க்கமாட்டான், திரும்புகிற இடத்தைத்தான் பார்ப்பான்.

நான் கேட்பது: பிடித்த 8,000 ரூபாய், வழித்திட்டக் கட்டணம் 1,500 ரூபாய், ஆக 9,500 ரூபாய். கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் என் வங்கிக் கணக்கில் வர வேண்டும். மன உளைச்சலுக்கு என்று தனியாக எதுவும் கேட்கவில்லை. வராவிட்டால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்வேன், அப்புறம் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று மனு போடுவேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், சென்னைக்கு வரத் தேவையில்லை. 5 லட்சம் ரூபாய் வரையிலான சேவைக்கு மனுக் கட்டணமும் கிடையாது. உங்கள் திட்டத்தின் இரண்டு பக்கங்கள், வாட்ஸ்ஆப் பதில், செயலியின் வழிமாற்றத்தை என் மகள் எடுத்த படம், முன்பணக் கணக்குத் தாள் ஆகியவற்றின் நகல்களை இத்துடன் வைத்திருக்கிறேன்.

ட்ரெய்லரின் மேல் அலமாரியில் அம்மாவின் மூக்குக்கண்ணாடி, பழுப்பு நிறக் கூட்டோடு, விட்டுப்போயிருக்கிறது. பெட்டி அடுத்த வாடகைக்குப் போகும் முன் எடுத்து, பணத்துக்குக் காத்திராமல் கூரியரில் அனுப்பிவிடுங்கள். அது இல்லாமல் அவரால் பேப்பர் படிக்க முடியவில்லை.

இப்படிக்கு,
தை மாதம் உங்கள் வெள்ளைப் பெட்டியை எடுத்த வேலூர் வாடிக்கையாளர்