பழ வாசனை சென்ட்: பழையதை முகர்ந்து பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வார இணைப்பில் வந்த வாசனைத் திரவியக் கட்டுரை, பழ வாசனை சென்ட் என்றாலே கல்லூரிப் பெண்களுக்கானது, வயதில் மூத்தவர்களுக்குப் பொருந்தாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. இப்போது விற்பனைக்கு வருபவற்றை மட்டும் வைத்துப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் 1919 முதல் 1990 வரை பெண்களுக்காக வந்த கனமான பழ வாசனைகளைத் தோலில் போட்டுப் பார்த்தவர்கள் யாரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இன்றைய பழ வாசனைகளில் பெரும்பாலும் இரண்டு விஷயங்கள்தான் வேலை செய்கின்றன. ஒன்று, ஹெக்சைல் அசிடேட் போன்ற, எஸ்டர்கள் எனப்படும் இலேசான வேதிப்பொருள்கள். மூடியைத் திறந்ததும் பளிச்சென்று பழம் வருவது இவற்றால்தான். கொஞ்ச நேரத்தில் ஆவியாகிவிடும். மற்றொன்று, காய்ச்சிய சர்க்கரையின் மணம் தரும் எதில் மால்டால். எஸ்டர் போன பிறகு மிஞ்சுவது இந்தத் தித்திப்புதான்.

பழைய முறை வேறு. 1919இல் பிரெஞ்சு வாசனைக் கலைஞர் ஜாக் கெர்லான் உருவாக்கிய 'மிட்சுகோ'வில் பழத்துக்குப் பொறுப்பு காமா அன்டெகாலாக்டோன் என்ற வேதிப்பொருள். பழைய சூத்திரங்களில் இதை ஆல்டிஹைடு சி-14 என்று எழுதியிருப்பார்கள். நீர்க்கச் செய்து முகர்ந்தால் பீச் பழத்தின் தோல், அதன் மேல் உள்ள பூனைமயிர், லேசான பாலேட்டின் கொழுப்பு எல்லாம் சேர்ந்து வரும். கனமான மூலக்கூறு என்பதால் சட்டென்று பறக்காது. தாளில் தடவினால் மறுநாளும் இருக்கும். முதலில் எழும் மேல்வாசனையில் பெர்கமாட் என்ற எலுமிச்சை வகை எண்ணெய், கடைசிவரை நிற்கும் அடிவாசனையில் லேப்டனம் பிசினும் ஓக்மாஸும். ஓக்மாஸ் என்பது ஓக் மரப்பட்டையில் வளரும், பாசி போலத் தெரியும் ஒரு லைக்கன்; அதன் சாறு கசப்பும் ஈர மண்ணும் மையும் கலந்த ஒரு மணம். அடியில் இந்தக் கசப்பு இருப்பதால்தான் மேலே உள்ள பழம் மிட்டாயாகாமல், நன்றாகக் கனிந்ததாகத் தெரிகிறது. கட்டுரையாளர் தவறவிட்டது இதைத்தான்.

1944இல் வந்த, ரோஷா என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் 'ஃபாம்' இதே வழியில் இன்னும் ஒரு படி போனது. அதை உருவாக்கிய எட்மோன் ருட்னிட்ஸ்கா பீச்சோடு நிற்காமல், ப்ரூனால் என்ற தயார்க் கலவையைக் கொண்டு உலர்ந்த பிளம் பழத்தின் கருமையைச் சேர்த்தார். 1989இல் ஒலிவியே க்ரெஸ்ப் இதை மாற்றி அமைத்தபோது சீரகம் தூக்கலாக வந்தது. ஆகவே 'ஃபாம்' வாங்குகிறவர்கள் எந்தக் காலத்துப் புட்டி என்று கேட்காமல் வாங்கக்கூடாது. அநேகமாக இரண்டும் இரண்டு வேறு சென்ட்டுகள். 1985இல் வந்த டியோரின் 'பாய்சன்' ஓக்மாஸை நம்பியதல்ல. டமாஸ்கோன் என்ற வேதிப்பொருள்களும் நிலசம்பங்கியும் சேர்ந்து, பிளம்மும் வெந்த ஆப்பிளுமாக வாசல் வரை வந்து நிற்கும். 1990இல் சோபியா க்ரோஸ்மன் செய்த 'ட்ரெசோர்' பீச்சையும் ரோஜாவையும் மென்மையாக இணைத்தது. தொடக்கக்காரர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். 'பாய்சன்' ஒரு சொட்டு மிகுந்தாலும் அறையில் இருப்பவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

அதே பெயரில் இன்றும் விற்கிறார்களே என்று கேட்கலாம். பெயர் இருக்கிறது, அடித்தளம் இல்லை. ஓக்மாஸில் உள்ள அட்ரனால், குளோரோஅட்ரனால் ஆகிய இரண்டும் கடுமையான தோல் ஒவ்வாமையை உண்டாக்குபவை. நறுமணத் தொழிலின் சர்வதேச அமைப்பான இஃப்ரா, தோலில் போடும் பொருளில் ஓக்மாஸ் சாற்றுக்கு 0.1 சதவீத உச்சவரம்பு வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் அந்த இரண்டு வேதிப்பொருள்களையும் தடை செய்தது. 2019 ஆகஸ்ட் முதல் அவை உள்ள பொருள்கள் புதிதாகச் சந்தைக்கு வரக்கூடாது, 2021 ஆகஸ்டுக்குள் இருப்பவையும் அகல வேண்டும் என்று கெடு. தடை நியாயமானது என்பதே என் கருத்து. ஆனால் அவற்றை நீக்கிய சாற்றில் பழைய கசப்பும் ஆழமும் குறைந்துவிடுகின்றன. அப்போது பீச் மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது.

பெட்டியைப் பார்த்தே காலத்தை ஓரளவு கணிக்கலாம். லினலூல், லிமோனீன் என்று ஒவ்வாமைப் பொருள்களைப் பெட்டியில் அச்சிடுவது ஐரோப்பாவில் 2005இல் கட்டாயமானது. அந்தப் பட்டியல் இல்லாத ஐரோப்பியப் பெட்டி பெரும்பாலும் அதற்கு முந்தையது. பட்டியலில் ஓக்மாஸின் அறிவியல் பெயரான 'எவர்னியா ப்ரூனாஸ்ட்ரி' இருந்தால் ஓக்மாஸ் இருக்கிறது என்று பொருள். சுத்திகரித்ததா பழையதா என்பதை அது சொல்லாது.

பழைய புட்டியை முகர்வதில் பலர் அவசரப்பட்டுக் கெடுத்துக்கொள்கிறார்கள். மூடியைத் திறந்து மூக்கை வைத்தால் வருவது சாராய ஆவியும், கெட்டுப்போன பெர்கமாட்டும்தான். எலுமிச்சை வகை எண்ணெய்கள்தான் முதலில் காற்றால் கெடும். நகப்பூச்சு, டர்பன்டைன், வாடிய செலரி போல நெடி அடிக்கும். தாள் பட்டையின் நுனியை ஒரு சென்டிமீட்டர் நனைத்து, பத்து நிமிடம் தொடாமல் வையுங்கள். அரை மணியில் ஒருமுறை, நான்கு மணி கழித்து ஒருமுறை, மறுநாள் காலையில் ஒருமுறை முகருங்கள். நெடி இருபது நிமிடத்தில் விலகி அடியில் பழம் எழுந்தால் புட்டி நல்ல நிலையில் இருக்கிறது. ஒரு மணி கழிந்தும் புளிப்போ, சிக்குப் பிடித்த எண்ணெயின் வாடையோ போகவில்லை என்றால் நடுப்பகுதியும் போய்விட்டது. அதற்கு மருந்து கிடையாது.

நிறம் கறுத்திருப்பதை மட்டும் வைத்து ஒதுக்க வேண்டாம். வெனிலின் காலப்போக்கில் கறுக்கும். மெத்தில் ஆந்த்ரானிலேட் என்ற வாசனைப் பொருள் ஆல்டிஹைடுகளோடு சேர்ந்தாலும் நிறம் ஏறும். குளிரில் கலங்கியிருந்தால் அறை வெப்பத்தில் ஒரு நாள் வைத்துப் பாருங்கள்; கரையாத மெழுகுகள் தெளிந்துவிடும். கவலைப்பட வேண்டியது புட்டியில் உள்ள அளவைப் பார்த்துத்தான். பாதி காலியான புட்டி என்றால் மீதி பாதி காற்று. அப்படிக் கிடைத்தால் 5 அல்லது 10 மில்லி கண்ணாடிக் குப்பிகளில் கழுத்துவரை நிரப்பி மாற்றிவிடுங்கள். பிளாஸ்டிக் குப்பி வேண்டாம். வாசனையை உறிஞ்சும், சில வகைகள் இளகியும் போகும். இருட்டான, சூடு ஏறி இறங்காத அலமாரியில் 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வெப்பம் போதும். குளியலறையும் சன்னலோரமும் ஆகாது.

எக்ஸ்ட்ரே எனப்படும் மிகச் செறிவான வகையில் வாசனைச் சரக்கு பொதுவாக 15 முதல் 30 சதவீதம் வரை இருக்கும். அதனால் மொத்தமே இரண்டு மூன்று சொட்டு போதும். மூடியின் கண்ணாடிக் கம்பியைத் தோலில் தேய்த்துவிட்டு அப்படியே புட்டிக்குள் விட்டால் தோல் எண்ணெயும் உள்ளே போகும், துடைத்துவிட்டு மூடுங்கள். மணிக்கட்டுகளை உரசினால் மூலக்கூறு உடைந்துவிடும் என்பது வெறும் பேச்சு. உரசும் சூட்டில் மேல்வாசனை சற்று வேகமாகப் பறக்கும், அவ்வளவுதான். வெளுத்த பட்டில் போடாதீர்கள், ஓக்மாஸ் பழுப்புக் கறை வைக்கும்.

இறுகிய கண்ணாடி மூடியை வெந்நீரிலோ தீயிலோ காட்டக்கூடாது. உள்ளே இருப்பது எரியும் சாராயம், கண்ணாடியும் வெடிக்கும். இடுக்கில் ஒரு சொட்டு சுத்த ஆல்கஹால் விட்டு ஐந்து நிமிடம் பொறுத்து, கழுத்தை உள்ளங்கைச் சூட்டில் பிடித்து, மரக்கரண்டியால் பக்கவாட்டில் மெல்லத் தட்டிய பிறகு திருகுங்கள், இழுக்காதீர்கள்.

தோலுக்குப் போகும் முன் முழங்கையின் உட்புறத்தில் ஒரு சொட்டு வைத்து 48 மணி நேரம் கவனிக்க வேண்டும். ஆக்சிஜன் ஏறிய லிமோனீனும் லினலூலும் புதியவற்றைவிட ஒவ்வாமை தருபவை. வாசனைப் பொருள்களால் ஏற்கெனவே தடிப்பு வந்தவர்கள் பழைய புட்டியைத் தோலில் போடவே வேண்டாம். உடையின் உள்மடிப்பில் தடவினால் போதும். பழைய பெர்கமாட்டில் உள்ள பெர்காப்டென் வெயில் பட்டால் தோலில் சொட்டு வடிந்த தடமாகக் கருந்திட்டு வைக்கும். எனவே பகலில் கழுத்திலும் கையிலும் போடாமல், துணி மூடும் இடத்தில் போடுவதே சரி.

இப்படிக்கு,
நறுமணத் துறையில் பணிபுரியும் ஒரு வாசகர்