கானா மிஷன்: மலேரியா மாத்திரை, கொசுவலைச் சோதனை

மிஷனில் ஊழியம் செய்யும் எல்டர்கள் (ஆண் மிஷனரிகள்), சிஸ்டர்கள் (பெண் மிஷனரிகள்) அனைவருக்கும் வணக்கம். மழை பிடித்துவிட்டது. திங்கள் ஆயத்த நாளன்று (சொந்த வேலைகளுக்கான வார நாள்) காலை 9 மணி முதல், உங்கள் உடல்நலத்தைக் கவனிக்கும் நாங்கள் இருவரும் அறை அறையாக வருகிறோம். அதற்குள்:

1. மலேரியா தடுப்பு மாத்திரை டாக்சிசைக்ளின் 100 மி.கி. தினமும் ஒன்று. சாப்பிட்டபின், ஒரு டம்ளர் நிறையத் தண்ணீருடன். விழுங்கியதும் படுக்காதீர்கள், அரை மணியாவது நிமிர்ந்திருங்கள்; மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாகிவிடும். நெஞ்செரிச்சல் என்று பலர் சொல்வது பெரும்பாலும் இதுதான். இரும்புச்சத்து மாத்திரை, வயிற்று அமிலத்தைத் தணிக்கும் மாத்திரை இவற்றோடு சேர்த்துப் போட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது.

2. இம்மருந்தால் வெயிலில் தோல் சீக்கிரம் கன்றும். தொப்பி அவசியம்.

3. கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகுங்கள். கால் பக்கம்தான் தூக்கத்தில் உருவிக்கொள்கிறது, அங்கே ஆழமாக.

4. காய்ச்சல் 38 டிகிரி தொட்டால் அன்றே ரத்தப் பரிசோதனை. மாத்திரை போட்டாலும் மலேரியா வரலாம். "நாளை பார்ப்போம்" வேண்டாம், நள்ளிரவானாலும் கூப்பிடுங்கள்.

5. வயிற்றுப்போக்குக்கு உப்புக்கரைசல் பொட்டலம் இல்லையா? கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலைதட்டி.

ஞாயிறு இரவு 8 மணிக்குள் அறைக்கு ஒருவர் பதில் போடுங்கள்: மீதி மாத்திரை எத்தனை, வலையில் கிழிசல் உண்டா. உடம்பு விவரத்தைக் குழுவில் எழுதாமல் எங்களுக்குத் தனியே அனுப்புங்கள்.