பட்டாளத்து மாமாவின் மேஜை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் நலம். பட்டாளத்து மாமா சாவுக்கு வந்த கூட்டத்தைப் பற்றி அன்றைக்குப் போனில் நீ கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. பந்தல்காரர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "ஒரு சைக்கிள் கடைக்காரருக்கா செங்கோட்டையில் இவ்வளவு கூட்டம்?" என்றாய். வந்ததில் பாதிப் பேர் செங்கோட்டையே இல்லை. ஆரியங்காவு, தென்மலைப் பக்கத்து அம்மாமார். காலை ரயிலில் வந்து இறங்கி, வீட்டுக்கு வழி கேட்காமலே நேரே வந்தார்கள்.

பையன்கள் ஃபிளெக்ஸ் அடித்திருந்தார்கள். அண்ணாச்சி, அதான் உன் பட்டாளத்து மாமா, படத்துக்குப் பின்னால் டாங்கி, விமானம், தீ. அவர் காலாட்படை, மெட்ராஸ் ரெஜிமெண்ட். வெலிங்டனில் பயிற்சி, 71 சண்டையில் மேற்கு எல்லை, அதற்குப் பஷ்சிமி ஸ்டார் பதக்கம், ஹவில்தாராக ஓய்வு. நீங்களெல்லாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது கேட்டால், "வீர மதராசி! அடி கொல்லு, அடி கொல்லு!" என்று கடைத்தெரு அதிரக் கத்திக் காட்டுவாரே, ஞாபகம் இருக்கும். ஆனால் அந்த அம்மாமார் டாங்கிக்காக வரவில்லை.

விஷயம் இதுதான். பட்டாளத்தில் இருக்கிறவன் கல்யாணம் முடித்தாலும் பிள்ளை பெற்றாலும் அது பார்ட் டூ ஆர்டர் என்கிற பட்டாளத்துப் பதிவில் ஏற வேண்டும். லீவில் வந்து தாலி கட்டிவிட்டுப் போனவன் யூனிட் கிளார்க்கிடம் வாயால் பெயரைச் சொல்லியிருப்பான். வடக்கத்திக் கிளார்க் காதில் விழுந்தபடி இங்கிலீஷில் எழுதியிருப்பார். அவன் கண்ணை மூடிய பிறகுதான் வில்லங்கம் தெரியும். ஆர்டரில் தங்கமணி, ஆதாரில் தங்கம்மாள், மலையாள ரேஷன் கார்டில் தங்கம்மா. மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கிற வரைக்கும் குடும்ப பென்ஷன் நகராது.

அண்ணாச்சிக்கு மலையாளம் வாசிக்க வரும். 1956 நவம்பர் 1 வரை நம்ம ஊர் திருவிதாங்கூர்-கொச்சியோடுதானே கிடந்தது. அவர் அப்பா மலையாளம் படித்தவர். வீட்டுப் பழைய பத்திரங்களை வைத்தே மகனுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார். இந்தியும் இங்கிலீஷும் பட்டாளத்தில் வந்தது. அத்தனை பாஷைக் காகிதத்தையும் ஒரே மேஜையில் விரித்துப் பார்க்கிற ஆள் எனக்குத் தெரிந்து இந்தப் பக்கம் அவர் ஒருவர்தான்.

கோணிப்போன வீலை அவர் சரி செய்வதைப் பார்த்திருக்கிறாய். மாட்டிச் சுழல விட்டு, ரிம் பக்கத்தில் சாக்பீஸை அசையாமல் பிடிப்பார். ஒதுங்குகிற இடத்தில் மட்டும் வெள்ளைக் கோடு விழும். அந்தக் கோட்டுக்கு நேரே உள்ள போக்ஸ் கம்பிக்குக் கால் திருகு, மறுபடி ஒரு சுழற்று. காகிதத்தையும் அப்படித்தான் பார்ப்பார். டிஸ்சார்ஜ் புத்தகத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு, எழுத்து மாறுகிற இடத்தில் மட்டும் பென்சிலால் ஒரு கோடு. அப்புறம் அந்த ஒரு கோட்டுக்கு மட்டும் மனு. கதையெல்லாம் எழுத மாட்டார். "ஆபீசில் அழுகையைப் படிக்கிறவன் கிடையாதுவே" என்பார்.

நவம்பர் பிறந்தால் பஞ்சர் ஒட்டக்கூட ஆள் கிடைக்காது. பென்ஷன்காரர்கள் ஆயுள் சான்று கொடுக்க வேண்டிய மாதம். தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிய கைகளில் ரேகை தேய்ந்திருக்கும், மிஷின் எடுக்காது. ஈரத்துணியால் விரலைத் துடைத்து, ஒவ்வொரு விரலாக வைக்கச் சொல்லி, பத்தும் தேறாவிட்டால் பேங்குக்கே கூட்டிக்கொண்டு போவார். ஒரு தடவை ஒரு பேங்கில் "நாளைக்கு வாங்க" என்றார்கள். "இந்தம்மா உயிரோட இருக்காங்களா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க, போயிடுறோம்" என்று கவுண்டரிலேயே நின்றுவிட்டார். ரயில் இல்லாத 2010-லிருந்து 2018 வரையும் பஸ்ஸில் மலை ஏறிப் போய்ப் பார்த்தவர்.

இப்போது எல்லோரும் தங்கமான மனுஷன் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாய் பொல்லாத வாய். கடையில் கடன் கிடையாது. என்னிடமே வால்வ் டியூபுக்குக் காசு வாங்கியவர். 2018 கேரள வெள்ளத்துக்கு ஊரில் துணி திரட்டினோமே, மூட்டையை அவிழ்த்துக் கிழிசலை எல்லாம் பொறுக்கி, கொடுத்தவர் வீட்டு வாசலிலேயே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தார். அதில் ரெண்டு பேர் சாகும் வரை அவரோடு பேசவில்லை. ஆனால் அன்றைக்குப் புனலூர்ப் பக்கம் போன லாரியில் கிழிந்த சேலை ஒன்றுகூட இல்லை. ஐயப்ப சீசனில் புளியரை எஸ் வளைவில் ராத்திரி வண்டி மாட்டிக்கொண்டால் முதலில் கயிறும் டார்ச்சுமாக நிற்பதும் அவர்தான், டிரைவரை முதலில் திட்டுவதும் அவர்தான்.

நினைவாக ஏதாவது செய்ய வேண்டும், பணம் அனுப்பட்டுமா என்றாய். பணம் இருக்கட்டும். அவர் மேஜை டிராயரில் வேலை முடியாத காகிதக் கட்டு ஒன்று கிடக்கிறது, கழுதுருட்டிப் பக்கத்து அம்மா ஒருவருடையது. பென்சில் கோடு பாதியில் நிற்கிறது. மீதி மலையாளம், எனக்கு ஓடவில்லை. உன் ரூமில் கொல்லத்துப் பையன் ஒருவன் இருக்கிறான் என்றாயே. அந்த அம்மாவிடம் கேட்டுக்கொண்டு அந்த ரெண்டு பக்கத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். அவனை வாசிக்கச் சொல்லி, பெயர் என்ன எழுத்தில் இருக்கிறதோ அதே எழுத்தில், திருத்தாமல், எழுதி அனுப்பு. இனிஷியலையும் விட்டுவிடாதே. வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும், திங்கள் நான் அவர்களைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போகிறேன்.

அன்புடன்,
அப்பா