பிளக் மாற்றிய மறுநாளே எஞ்சின் லைட் எரிந்தால்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காடிக்குப் புது பிளக் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்த மறுநாள் மீட்டரில் மஞ்சள் எஞ்சின் லைட் எரிகிறது. பட்டறைக்குத் திரும்பிப் போனால், "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை, காடி பழசு, நாலு காயிலையும் மாத்தணும்" என்கிறார்கள். பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறியைத் தருவது பிளக், அந்தப் பொறிக்கு வேண்டிய மின்சாரத்தைக் கூட்டிக் கொடுப்பது அதன் மேலிருக்கும் காயில். எங்கள் பக்கத்தில் இந்தப் பதில் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. தோட்டத்துப் பட்டறையில் லோரியும் டிராக்டரும் பார்த்தே தலை நரைத்தவன் நான். சம்பந்தம் உண்டு என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் இருப்பது பெஸ்தாரி ஜெயா. 2007-இல் பெயரை மாற்றினார்கள். என் வயதுக்காரர்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். சுற்றிலும் செம்பனை. வேலைக்கு ரவாங், பெரிய ஆஸ்பத்திரிக்கு சுங்கை பூலோ என்று எதற்கும் காடி வேண்டும். காடி நின்றால் பிழைப்பு நிற்கும் என்பதால், போமன் கேட்டதைக் கொடுத்துவிட்டு வருகிறவர்களே அதிகம்.

என் மருமகள் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அவர் ஓட்டுவது மைவி 1.3. ஒரு பட்டறையில், பெயர் வேண்டாம், நான்கு பிளக்கையும் மாற்றினார்கள். மறுநாள் காலை ஈஜோக் சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லோரியை முந்த மிதித்தபோது எஞ்சின் குலுங்கி, லைட் விட்டு விட்டு மின்னியிருக்கிறது. அதே பட்டறையில் காட்டினார். நான்கு காயில், கூலியோடு 680 வெள்ளி என்றார்கள். கோட், அதாவது காடியின் கணினி பதிந்து வைக்கும் பழுது எண், என்ன என்று கேட்டதற்கு "மிஸ்ஃபயர்" என்றார்கள். எண்ணைச் சொல்லுங்கள் என்றால், "எல்லாம் ஒண்ணுதான்." வீட்டுக்கு வந்து, "மாமா, கொடுத்துடலாமா?" என்று கேட்டார். பொறும்மா என்றேன்.

எல்லாம் ஒன்று இல்லை. பி0300 என்றால் எந்த சிலிண்டர் என்று கணினியால் குறிப்பாகச் சொல்ல முடியவில்லை, எரிப்பு ஆங்காங்கே தவறுகிறது. பி0301 முதல் பி0304 வரை வந்தால் கடைசி எண்தான் சிலிண்டர். பி0351 முதல் பி0354 வரை காயிலின் மின்சுற்றைச் சேர்ந்தவை. எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் சென்சார் உள்ள காடிகளில் பி0171, அதாவது பெட்ரோலுக்குக் காற்று அதிகம் என்று வந்தால், பிளக் மாற்றக் கழற்றிய ஏதோ ஒரு ஹோஸ் சரியாக மாட்டப்படாமல் காற்று உள்ளே கசிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஆக, அந்த எண் தெரியாமல் ஒரு சாமானையும் மாற்றச் சம்மதிக்கக் கூடாது.

பக்கத்துத் தெருப் பையனிடம் ஸ்கேனர் இருந்தது. மாட்டிப் பார்த்தோம்: பி0303. மூன்றாவது சிலிண்டர் மட்டும். மற்ற மூன்று காயில்கள் என்ன பாவம் செய்தன?

எஞ்சின் நன்றாக ஆறும்வரை காத்திருந்தேன். சிலிண்டர் ஹெட் அலுமினியம். சூட்டோடு பிளக்கைக் கழற்றினால் மரை போய்விடும். அவசரக்காரர்கள் இங்கேதான் கெடுக்கிறார்கள். மேலே உட்கார்ந்திருக்கும் ஏர் ஃபில்டர் பெட்டியைத் தூக்கிவிட்டு, காயில்களின் சொக்கெட் ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்தேன். 'டக்' என்று பூட்ட வேண்டும். பழைய பிளாஸ்டிக் கிளிப் வெயிலில் வெந்த அப்பளம் மாதிரி உடையும், உடைந்தபின் பார்வைக்கு மாட்டியது போலவே இருக்கும். இதில் நான்கும் சரியாகவே பூட்டியிருந்தன.

அடுத்து, மூன்றாவது காயிலைக் கழற்றி ஒன்றாவதில் போட்டேன், ஒன்றாவதை மூன்றில் போட்டேன். பெரும்பாலான நான்கு சிலிண்டர் எஞ்சினில் பெல்ட் அல்லது செயின் இருக்கும் பக்கம்தான் ஒன்று. அங்கிருந்து எண்ண வேண்டும். கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பார்த்தோம். காயில் கெட்டிருந்தால் பழுதும் அதோடு நகர்ந்து பி0301 என்று வந்திருக்கும். மறுபடி பி0303தான் வந்தது. அப்படியென்றால் 680 வெள்ளிக்கு நான்கு புதுக் காயில் போட்டிருந்தாலும் லைட் எரிந்துகொண்டேதான் இருந்திருக்கும்.

அப்புறம் மூன்றாவது பிளக்கைக் கழற்றினேன். புது பிளக்தான். ஆனால் நுனியில் வளைந்து நிற்கும் கம்பி நடு முனையைத் தொட்டும் தொடாமலும் ஒட்டிக் கிடந்தது. பொறி தாவ இடைவெளியே இல்லை. சிமெண்டுத் தரையில் தலைகுப்புற விழுந்த பிளக் இப்படித்தான் ஆகும். விழுந்ததா என்று கேட்டால் யார் ஒப்புக்கொள்ளப் போகிறார்கள்? இரிடியம் பிளக்காக இருந்ததால் நெம்பிச் சரிசெய்யவும் இல்லை. நடு முனை ஊசி போல மெல்லியது, ஒடிந்துவிடும். அதே ரகத்தில் ஒரே ஒரு பிளக் வாங்கிப் போட்டேன். கோடை அழித்தபின் லைட் திரும்ப வரவில்லை.

காயில் கெடவே கெடாதா? கெடும். பழைய காயிலைப் பிடுங்கும்போது அடியில் இருக்கும் ரப்பர் கிழிவதும் உண்டு. அப்போதும் கெட்டதை மாற்றினால் போதும். பிளக்கை முறுக்குவதிலும் கவனம் வேண்டும். வாஷர் உள்ள புது பிளக் என்றால் கையால் உட்காரும்வரை திருகிவிட்டு, சாவியால் அரைச் சுற்றுக்குக் கொஞ்சம் கூட. தளர்ந்தால் அழுத்தம் கசியும். முரட்டுத்தனமாக முறுக்கினால் பீங்கான் விரிசல் விடும், மரையும் போகும்.

தோட்டச் சாலைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. செம்மண் அப்பிவிட்டது என்று பானெட்டைத் திறந்து வாட்டர் ஜெட் அடிக்கிறோம். பிளக் குழியில் தண்ணீர் தேங்கினாலும் இதே குலுக்கல், இதே லைட்தான்.

லைட் நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்க் காட்டலாம். மின்னினால் ஓரங்கட்டி நிறுத்திவிடுங்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் போய் எரிந்தால் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வெந்துபோகும், அதன் விலைக்குமுன் நான்கு காயில் சில்லறைக் காசு. பேட்டரி வயரைக் கழற்றி மாட்டி லைட்டை அணைக்கும் தந்திரமும் நடக்கிறது. கோடும், பழுது நேர்ந்தபோது எஞ்சின் என்ன வேகத்தில் என்ன சூட்டில் இருந்தது என்ற பதிவும் அதோடு அழிந்துவிடும். பழுது மட்டும் அப்படியே இருக்கும்.

எல்லாப் போமனும் இப்படி என்று நான் சொல்லவில்லை. என்னோடு வேலை செய்த பலர் இன்னும் நேர்மையாகத்தான் பட்டறை நடத்துகிறார்கள். அவர்களுக்கும் சேர்த்தே கேட்கிறேன்: கோட் எண்ணை பில்லில் எழுதிக் கொடுங்கள், கழற்றிய சாமானைத் திருப்பிக் கொடுங்கள். வாடிக்கையாளர்கள் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உள்ள பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி மனு போடலாம், 50,000 வெள்ளி வரையிலான வழக்கை எடுத்துக்கொள்கிறார்கள், வக்கீல் வேண்டாம். ஆனால் கையில் காகிதம் இருக்க வேண்டும்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். ஞாயிறு பதிப்பில் சமையலுக்கும் ராசிபலனுக்கும் தவறாமல் இடம் இருக்கிறது. காடிப் பராமரிப்புக்கும் வாரம் கால் பக்கம் ஒதுக்கினால், எழுத ஆள் இல்லை என்ற கவலை வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டப் பட்டறைப் போமன்,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்.